இடமும் பெயரும்: பல்லுறுப்பி எழுதப்பட்ட வரலாறு

மூவாயிரத்து ஐந்து என்னும் எண்ணைப் பழந்தமிழ்க் கணக்கர் ௩௲௫ என எழுதினர். மூன்று, ஆயிரம், ஐந்து என மூன்றே குறிகள். நூறும் பத்தும் அவ்வெண்ணில் இல்லை. ஆகவே ஏட்டிலும் அவற்றுக்கு இடமில்லை. அதே எண் இன்று 3005 என எழுதப்படுகின்றது. இங்கே ஆயிரத்துக்கெனத் தனிக்குறி கிடையாது. மூன்று நிற்கும் இடமே அதனை மூவாயிரமாக்குகின்றது. ஆனால் இடம் பொருள் தரவேண்டுமாயின் வெற்றிடமும் கணக்கில் வரவேண்டும். ஆதலின் இல்லாத நூறுக்கும் இல்லாத பத்துக்கும் இரண்டு சைபர்கள் காவல் நிற்கின்றன. முதல் முறையில் ஒவ்வோர் உறுப்பும் தன் பெயரைத் தானே சுமந்து செல்கின்றது. இரண்டாவது முறையில் அப்பெயரை இடத்திடம் ஒப்படைத்துவிடுகின்றது.

பல்லுறுப்பி எனப்படும் அட்சரகணித உருவும் இவ்வகையினதே. தெரியாக் கணியம் ஒன்றை ‘ய’ எனக் கொண்டால், 3ய³ + 5 என்பது ஒரு பல்லுறுப்பி. ‘ய’ பத்தாகும்போது அதுவே மூவாயிரத்து ஐந்தாகும். இதனையும் இரு விதமாக எழுதலாம். குணகத்தையும் அடுக்கையும் இணையாக வைத்து ‘மூன்று, அடுக்கு மூன்று, ஐந்து, அடுக்கு சைபர்’ என எழுதுதல் பெயர்முறை. 3, 0, 0, 5 எனக் குணகங்களை மாத்திரம் வரிசையில் வைத்தல் இடமுறை. இன்று கணனிக்கு அட்சரகணிதம் கற்பிக்கும் செய்நிரல் நூலகம் ஒன்றை, அதாவது பலரும் எடுத்துப் பயன்படுத்துவதற்கென எழுதிவைக்கப்படும் செய்நிரற் தொகுதி ஒன்றை, அமைக்கப் புகுவோர் முதன்முதலில் விடைகாண வேண்டிய வினா, இவ்விரண்டில் எதனைத் தெரிவு செய்வது என்பதாகும். கணனி தோன்றியதனால் எழுந்த வினாவாக இது தோன்றக்கூடும். உண்மையில் இதன் வயது எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. எழுதும் முறை எவற்றைச் செய்ய இடங்கொடுத்தது, எவற்றைத் தடுத்தது என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு காலத்தவரின் கணிதமும் வளர்ந்தும் தேங்கியும் வந்துள்ளது.

கி.பி. 820 ஆம் ஆண்டை அண்டிப் பக்தாத் நகரில் அப்பாசியக் கலீபா அல்மாமூனின் ஆதரவில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, அட்சரகணிதத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயருக்கே மூலமான நூலை எழுதியவர். இந்திய எண்குறிகளை விளக்கித் தனிநூல் எழுதியவரும் அவரே. ஆயினும் அவரது அட்சரகணித நூலில் குறியீடு எதுவுமில்லை, யாவும் சொற்களே. தெரியாக் கணியம் ‘பொருள்’ எனவும், அதன் வர்க்கம் ‘செல்வம்’ எனவும் பெயர் பெற்றன. மறையெண் தனித்து நிற்கும் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளாமையால், இருபடி வரையிலான சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து ஆறு வழிகளிற் தீர்க்க வேண்டியவரானார். அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த அல்கராஜி, இப்பெயர்களைக் கூட்டிக்கூட்டி மேலேறினார். கனம், செல்வச்செல்வம், செல்வக்கனம், கனக்கனம் என அடுக்குகள் வளர்ந்தன. அவற்றின் தலைகீழ்களுக்கும் பெயர்கள் உண்டாயின. பெயர்முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. செல்வக்கனத்தைச் செல்வச்செல்வத்தாற் பெருக்கினால் என்ன பெயர் வரும் என்பதை ஒருவர் உடனே சொல்லிவிட முடியாது.

இந்த இக்கட்டை அவிழ்த்தவர் அல்சமவால் என்னும் மருத்துவர். பக்தாதில் ஏறத்தாழ 1130 இல் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, 1163 இல் இஸ்லாத்தைத் தழுவி, ஏறத்தாழ 1180 இல் மராகாவில் மறைந்த இவர், அட்சரகணிதம் பற்றிய தம் பெருநூலைப் பத்தொன்பது வயதில் எழுதியதாகக் கூறப்படுகின்றது. அடுக்குகளின் பெயர்களை ஒரு பட்டியலின் தலைநிரையில் வரிசையாக எழுதினார். நடுவில் அலகு, ஒரு புறம் பொருள், செல்வம், கனம் முதலியன, மறுபுறம் அவற்றின் தலைகீழ்கள். நிரல்களின் கீழே குணகங்களை மாத்திரம் இட்டார். உறுப்பு இல்லாத நிரலில் சைபரை இட்டார். இதன் பின் பெருக்குவதும் வகுப்பதும் பெயர்களோடு போராடுவதாக அன்றி, நிரல்களை எண்ணி நகர்த்துவதாக மாறின.

இம்மாற்றம் வெறும் வசதி அன்று என்பதை அவர் செய்து காட்டிய ஒரு வகுத்தல் உணர்த்தும். 20ய² + 30ய என்பதை 6ய² + 12 ஆல் வகுக்கப் புகுந்தால் அவ்வகுத்தல் முடிவுறாது. ஈவின் குணகங்கள் பத்தின் கீழ் மூன்று, ஐந்து, மறை இருபதின் கீழ் மூன்று, மறை பத்து, நாற்பதின் கீழ் மூன்று எனத் தலைகீழ்களின் பக்கமாக ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் குணகங்கள் வரிசையில் நிற்பதைக் காணும் கண்ணுக்கு, ஒவ்வொரு குணகமும் தனக்கு இரண்டு இடம் முந்தியதன் மறை இருமடங்கு என்பது உடனே புலனாகும். அல்சமவால் அதனைக் கண்டார். கணிக்காத உறுப்புகளையும் அவ்விதியைக் கொண்டே எழுதினார். சொற்களால் எழுதிய எவரும் இதனைக் கண்டிருப்பர் என நம்புவது கடினம். பின்னாளில், 1172 இல், இவரே தசமப் பின்னங்களைப் பற்றி எழுதியதும் தற்செயலன்று. முடிவுறா வகுத்தலை எண்ணிலும் பல்லுறுப்பியிலும் ஒரே கண்ணாற் பார்த்தவர் அவர்.

இந்தியாவில் நிலைமை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. 1150 ஐ அண்டிய பாஸ்கரரின் பீஜகணிதத்தில் முதலாவது தெரியாக் கணியம் ‘யாவத்தாவத்’ எனவும், ஏனையவை கருமை, நீலம், மஞ்சள், செம்மை என நிறங்களின் பெயராலும் அழைக்கப்பட்டன. அப்பெயர்களின் முதலெழுத்துகள் குறிகளாயின: ‘யா’ என்பது கணியம், ‘யா வ’ என்பது அதன் வர்க்கம், ‘ரூ’ என்பது தனியெண். மறையெண்ணின் மேல் ஒரு புள்ளி. இதுவரையில் பெயர்முறையே. ஆனால் சமன்பாட்டின் இரு பக்கங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதும்போது, ஒரு பக்கத்தில் இல்லாத உறுப்பும் சைபர்க் குணகத்தோடு எழுதப்பட்டது. 10ய − 8 = ய² + 1 என்பது மேல்நிரையில் ‘யா வ 0, யா 10, ரூ 8’ என எட்டின்மேற் புள்ளியுடனும், கீழ்நிரையில் ‘யா வ 1, யா 0, ரூ 1’ எனவும் அமையும். கழித்தலை நிரல் நிரலாகச் செய்துவிடலாம். பெயரும் உண்டு, இடமும் உண்டு; இரண்டின் செலவையும் ஏற்றுக்கொண்ட முறை இது.

இடமுறையின் எல்லை வரை சென்று பார்த்தவர்கள் சீனரே. அங்கே கணக்கு எழுதப்படவில்லை. பலகைமீது சிறு கோல்களை அடுக்கிச் செய்யப்பட்டது. கோலை எடுத்து வைத்து நகர்த்துவதே கணிப்பாகையால், சீனரின் கணக்குப் பலகை இன்றைய கணனியின் நினைவகத்தோடு தாளைவிட நெருங்கிய உறவுடையது. சின் வம்ச ஆட்சியின் கீழ் அதிகாரியாயிருந்த லி யே, 1232 இல் தாம் ஆண்ட நகர் மொங்கோலியரிடம் வீழ்ந்ததும் அங்கிருந்து தப்பியோடி, வறுமையிலும் தனிமையிலும் கணிதம் பயின்றார். 1248 இல் அவர் முடித்த நூல், வட்டமொன்றும் முக்கோணியொன்றும் தொடர்பான வினாக்களைத் தெரியாக் கணியமொன்றின் சமன்பாடுகளாக மாற்றித் தீர்க்கின்றது. பல்லுறுப்பியொன்று அவருடைய நூலில் குணகங்களின் ஒற்றை நிரலாக நிற்கும். முதலாம் அடுக்கின் அருகில் ‘யுவான்’ என்னும் எழுத்தோ, தனியெண்ணின் அருகில் ‘தாய்’ என்னும் எழுத்தோ இடப்படும்; இரண்டில் ஒன்று போதும். ஓர் இடம் தெரிந்துவிட்டால் ஏனைய இடங்கள் தாமே தெரியும். மறைக்குணகத்தின் குறுக்கே ஒரு சாய்கோடு. கணியத்தின் பெயர் ஒருமுறைக்குமேல் எழுதப்படுவதேயில்லை.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 1248 ஆம் ஆண்டு நூலில் லி யே உயர்ந்த அடுக்குகளை மேலேயும் தனியெண்ணைக் கீழேயும் வைத்தார். 1259 இல் எழுதிய அடுத்த நூலில் அவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, தனியெண்ணை மேலேயும் உயர்ந்த அடுக்குகளைக் கீழேயும் வைத்தார். ஒரே ஆசிரியர், பதினொரு ஆண்டு இடைவெளி. கணிதத்தில் மாற்றமெதுவுமில்லை, வரிசையில் மாத்திரமே மாற்றம்.

1303 இல் சூ ஷிசியே இம்முறையை ஒரு கணியத்திலிருந்து நான்கிற்கு விரித்தார். பலகையின் மையத்தில் தனியெண்; கீழ்நோக்கி ‘வானம்’, இடப்புறம் ‘பூமி’, வலப்புறம் ‘மனிதன்’, மேல்நோக்கி ‘பொருள்’ என நான்கு கணியங்களின் அடுக்குகள். வானத்தையும் பூமியையும் பெருக்கிய உறுப்பு, அவ்விரு திசைகளுக்கும் இடைப்பட்ட மூலையிற் சென்றமரும். காண்பதற்கு அழகிய அமைப்பு இது. ஆனால் வானத்தையும் பொருளையும் பெருக்கிய உறுப்பு எங்கே அமரும்? அவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசைகள். அவற்றுக்கிடையே மூலை கிடையாது. பூமிக்கும் மனிதனுக்கும் அதே கதிதான். இத்தகைய உறுப்புகள் கட்டங்களின் இடுக்குகளிற் செருகப்பட்டன. ஐந்தாவது கணியத்துக்கோ திசையே இல்லை. பலகை இரு பரிமாணம் உடையது. அட்சரகணிதத்துக்கு அப்படியோர் எல்லை கிடையாது. சூ ஷிசியேயின் பின் இக்கலை சீனத்தில் ஏறத்தாழ மறக்கப்பட்டது. அதற்கு அரசியற் காரணங்களும் கல்விமுறைக் காரணங்களும் கூறப்படுவதுண்டு. ஆயினும் எழுதும் முறையே தனக்கு ஒரு மதிலைக் கட்டிக்கொண்டது என்பதையும் அவற்றோடு சேர்த்தெண்ணல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் மேய் சுவேசெங் என்பவர், யேசுசபையினர் கொண்டுவந்த மேலைத்தேய அட்சரகணிதத்தைக் கற்ற பின்னரே, தம் முன்னோரின் நூல்கள் கூறுவதும் அதுவே என உணர்ந்தார்.

ஐரோப்பா பெயர்முறையின் வழியே சென்றது. 1585 இல் சைமன் ஸ்டெவின் தசமப் பின்னங்களை விளக்கும் சிறுநூலொன்றையும் எண்கணித நூலொன்றையும் வெளியிட்டார். முன்னையதில் பத்திலொன்று, நூறிலொன்று என்னும் இடங்களை வட்டத்துள் இட்ட 1, வட்டத்துள் இட்ட 2 எனக் குறித்தார். பின்னையதில் தெரியாக் கணியத்தின் அடுக்குகளைக் குறித்ததும் அதே வட்ட எண்களாலேயே. அல்கராஜியின் நீண்ட பெயர்கள் இவ்வாறு வெறும் எண்களாயின. பெயர்களைப் பெருக்குவது எண்களைக் கூட்டுவதாயிற்று. 1591 இல் வியேத் குணகங்களுக்கும் எழுத்துக் கொடுத்தார். 1637 இல் டேக்கார்ட் இன்று வழங்கும் மேலெழுத்து அடுக்குகளை நிலைபெறச் செய்தார். 1671 இல் நியூற்றன் எழுதி 1736 இல் அச்சேறிய நூலொன்று, எண்களுக்குத் தசமமுறை செய்த நன்மையை எழுத்துக் கணிதத்துக்கும் செய்யலாம் என்னும் கருத்தோடுதான் தொடங்குகின்றது. அல்சமவாலின் பட்டியலை அவர் அறிந்திருக்கவில்லை.

டேக்கார்ட்டின் குறியீட்டின் வெற்றி முழுமையானது. தாளில் எழுதுபவர் உறுப்புகளை எவ்வரிசையிலும் எழுதலாம், இல்லாததை விட்டுவிடலாம், வேண்டியபோது நிரல்படுத்திக்கொள்ளலாம். கூட்டும்போது ஒத்த உறுப்புகளைத் தேடிப் பிடிப்பது கண்ணின் வேலை. இவ்வாறு, இடமா பெயரா என்னும் வினாவைக் கண் தனக்குள் விழுங்கிக்கொண்டதனால், முந்நூறு ஆண்டுகள் அவ்வினா எழவேயில்லை எனலாம்.

கண்ணுக்கும் கைக்கும் எல்லையுண்டு என்பதை உணர்த்திய நிகழ்ச்சி வானியலில் இடம்பெற்றது. பிரான்சிய வானியலாளர் சார்ள்ஸ் டெலோனே, சந்திரனின் இயக்கத்தை எண்களாலன்றி எழுத்துகளாலேயே கணிக்க முற்பட்டார். பல்லுறுப்பிகளும் கோசைன்களும் கலந்த தொடர்கள், ஒவ்வொரு படியிலும் பிரதியீடு செய்யப்பட்டு மேலும் மேலும் நீண்டன. கணிக்கப் பத்து ஆண்டுகள், சரிபார்க்கப் பத்து ஆண்டுகள் என இருபது ஆண்டுகளை அப்பணி விழுங்கியது. 1860 இலும் 1867 இலும் இரு பெருந்தொகுதிகள் வெளிவந்தன. 1872 இல் சேர்பூர்க் அருகே கடலிற் படகு கவிழ்ந்து அவர் உயிரிழந்தார். ஒரு நூற்றாண்டின் பின், 1970 இல், அமெரிக்காவின் சியாற்றில் நகரிலுள்ள போயிங் நிறுவன ஆய்வுகூடத்தில் அந்திரே டெப்ரி, ஜாக் ஹென்றார், ஆர்னோல்ட் றோம் ஆகிய மூவரும் அதே கணிப்பைக் கணனியிற் செய்து பார்த்தனர். எடுத்த நேரம் ஏறத்தாழ 20 மணித்தியாலம். அவர்கள் கண்ட பிழைகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. கணனியின் விரைவு பலராலும் வியக்கப்பட்டது. தனியொருவரின் இருபதாண்டு எழுத்தில் பிழை இத்துணை குறைவாயிருந்ததே அதனினும் வியப்புக்குரியது.

ஆனால் கணனிக்குக் கண் இல்லை. அதன் நினைவகம் ஒரே அளவான கலங்களின் நீண்ட ஒற்றை வரிசை. எது எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டியே ஒருவர் தீர்மானித்தாலன்றி அது எதனையும் கூட்டாது. ஆகவே, உறங்கிய வினா மீண்டும் விழித்துக்கொண்டது.

1953 இல் அமெரிக்காவில் கஹ்ரிமேனியன், நோலன் என்னும் இரு மாணவர்கள், தனித்தனியாக, கோவைகளை வகையிடும் செய்நிரல்களைத் தம் ஆய்வேடுகளாக அளித்தனர். பல்லுறுப்பிகளுக்கெனத் தொகுதி அமைக்கும் முயற்சி அடுத்த தசாப்தத்தில் உருப்பெற்றது. 1963 இல் பெல் ஆய்வுகூடத்தின் டபிள்யூ. எஸ். பிரவுண் ‘அல்பாக்’ என்னும் தொகுதியை விபரித்து எழுதினார். அது ஐ.பி.எம். 7090 கணனிக்கென எழுதப்பட்டது. அக்கணனியின் நினைவகத்தில் இருந்தவை 32768 கலங்கள்; ஒவ்வொன்றிலும் 36 இரும இலக்கங்கள். இன்று ஒரு கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒளிப்படமே இதனிலும் பன்மடங்கு பெரியது. இத்தகைய நெருக்கடியில் இடமுறை எளிதில் தோற்றுவிடும். ஐந்து கணியங்கள், ஒவ்வொன்றும் பத்தாம் அடுக்கு வரை என்றாலே 161051 கலங்கள் வேண்டும். அவற்றுட் பெரும்பாலானவை சைபரையே சுமந்திருக்கும். எனவே அல்பாக், உள்ள உறுப்புகளை மாத்திரம் அடுக்குகளோடு பதிந்தது. ஆயினும் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு கலம் என்பதும் கட்டுப்படியாகாது. ஆகவே பல கணியங்களின் அடுக்குகள் ஒரே கலத்துள் அடுத்தடுத்த அறைகளாகத் திணிக்கப்பட்டன. அல்பாக்கின் வழியில் வந்த ‘அல்ட்ரான்’ மொழியில், ஒவ்வொரு கணியத்தின் அடுக்கும் எதுவரை உயரக்கூடும் என்பதைப் பயனாளர் முதலிலேயே அறிவிக்கவேண்டியிருந்தது. உறுப்புகள் பெயர்முறையில், உறுப்பின் உள்ளேயோ இடமுறை. பாஸ்கரரின் சமரசம் வேறோர் உருவில் திரும்பி வந்தது எனலாம்.

இதே வேளையில் ஜோர்ஜ் கொலின்ஸ் வேறு வழியிற் சென்றார். மெய்யெண் அட்சரகணிதத்தின் கூற்றுகள் மெய்யா பொய்யா என்பதைப் பொறிமுறையாகத் தீர்க்கலாம் என்று தார்ஸ்கி நிறுவியிருந்த முறையைக் கணனியில் நடத்திப் பார்ப்பதே அவரது நோக்கம். அதில் இடையில் தோன்றும் பல்லுறுப்பிகள் எவ்வளவு பெரிதாகும் என்பதை எவரும் முன்கூட்டிக் கூறமுடியாது. ஆகவே அறைகளை முன்னரே அளந்து வைக்கும் வழி அவருக்கு உதவாது. ஐ.பி.எம். நிறுவனத்தில் அமைத்து 1966 இல் அவர் வெளியிட்ட தொகுதியும், பின்னர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் எழுந்த ‘சாக்-1’ தொகுதியும் தொடர்பட்டியல்களைப் பயன்படுத்தின. அதாவது, ஒவ்வோர் உறுப்பும் நினைவகத்தில் எங்கேனும் கிடக்கும். அடுத்த உறுப்பு எங்கே என்னும் முகவரியைத் தன்னுடனே வைத்திருக்கும். பல கணியங்கள் உள்ளவிடத்துக் கொலின்ஸ் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கினார்: முதற் கணியத்தின் பல்லுறுப்பி, அதன் குணகங்களோ அடுத்த கணியத்தின் பல்லுறுப்பிகள், அவற்றின் குணகங்கள் அதற்கடுத்ததன் பல்லுறுப்பிகள். பௌதிகத்தில் துகள்களின் மோதலைக் கணிக்கவென அந்தனி ஹேர்ன் உருவாக்கிய ‘ரெடியூஸ்’ தொகுதியும் இவ்வகையையே தழுவியது. சூ ஷிசியேயின் பலகையில் ஐந்தாவது கணியத்துக்குத் திசை இல்லாதிருந்தது. இங்கே திசையே தேவைப்படவில்லை.

குணகங்களை எங்கே வைப்பது என்பதோடு, குணகம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதும் சிக்கலாயிற்று. கிறிஸ்தவ ஆண்டுக்கு முந்திய யூக்கிளிட்டின் முறையால் இரு பல்லுறுப்பிகளின் பொதுக் காரணியைக் காணலாம் என்பது ஸ்டெவின் காலத்திலேயே தெரிந்த செய்தி. 1969 இல் டொனால்ட் நூத் தமது நூலில் ஒரு சோடியை எடுத்துக்காட்டினார். ஒன்று எட்டாம் படி, மற்றது ஆறாம் படி. குணகங்களுட் பெரியது 21. பின்னங்களைத் தவிர்த்து முழுவெண்களாலேயே யூக்கிளிட்டின் முறையை நடத்தினால், இவற்றுக்குப் பொதுக் காரணி இல்லை என்னும் எளிய விடையைக் காண்பதற்கு முன்னர் 35 இலக்கங்கள் கொண்ட எண்ணொன்று வந்து நிற்கும். கணனியின் ஒரு கலம் இதனைத் தாங்காது. கொலின்ஸ் 1967 இலும் பிரவுண் 1971 இலும் எழுதிய ஆய்வுகள் இந்த வீக்கத்தைக் கட்டுப்படுத்துவதையே பொருளாகக் கொண்டவை. ஆகவே பல்லுறுப்பி நூலகத்தை அமைப்பவர், அளவற்று நீளக்கூடிய முழுவெண்ணுக்கும் ஓர் உருவை அமைத்தாக வேண்டும். எண்ணை எழுதும் வினாவும் பல்லுறுப்பியை எழுதும் வினாவும் இவ்வாறு மறுபடியும் கைகோத்துக்கொண்டன.

எம்முறையைத் தெரிந்தாலும் ஒரு கட்டுப்பாடு தவிர்க்கமுடியாதது. சமமான இரு பல்லுறுப்பிகள் நினைவகத்தில் ஒரே உருவில் இருத்தல் வேண்டும். சைபர்க் குணகமுள்ள உறுப்பை வைத்திருக்கக்கூடாது, ஒரே அடுக்கு இருமுறை வரக்கூடாது, வரிசை மாறக்கூடாது. இவ்விதிகள் காக்கப்பட்டால் சமமா என்னும் வினாவுக்குக் கலம் கலமாக ஒப்பிடுவதே விடை. இது சிறிய விடயமன்று. சைன் போன்ற சார்புகளும் தனிப்பெறுமானமும் கலந்த கோவைகள் சைபரா அன்றா என்பதை எப்பொழுதும் தீர்க்கவல்ல பொதுமுறை எதுவும் இருக்கமுடியாது என்று 1968 இல் டானியல் றிச்சாட்சன் நிறுவினார். பல்லுறுப்பிக்கு அந்த அவலம் இல்லை. எழுதுவதில் ஒழுங்கு காத்தால் ஐயத்துக்கே இடமில்லை. அவ்வொழுங்குக்குள்ளும் ஒரு முள் உண்டு: உறுப்பே இல்லாத பல்லுறுப்பியின் படி என்ன? சிலர் மறை ஒன்று என்பர், சிலர் மறை முடிவிலி என்பர். எதனையாவது கூறித்தான் ஆகவேண்டும்.

எது சிறந்தது என்னும் வாதம் முடிந்ததா எனின், இல்லை. ய¹⁰⁰⁰ − 1 என்பதற்கு இடமுறையில் 1001 கலங்கள் வேண்டும். பெயர்முறையில் இரண்டே உறுப்புகள். ஆனால் அதனை ய − 1 ஆல் வகுத்தால் ஈவில் ஆயிரம் உறுப்புகள், ஒன்றுகூட விடுபடாமல் வரிசையாக வந்து நிற்கும். இப்பொழுது பெயர்முறை ஒவ்வோர் உறுப்புக்கும் வீணாக ஒரு பெயரைச் சுமக்கும். ஒரே கணிப்பின் தொடக்கம் ஒரு முறையையும் முடிவு மற்றையதையும் வேண்டுகின்றது. 1962 இல் வெளியான கரட்சுபாவின் விரைவுப் பெருக்கலும், 1965 இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு உருமாற்றமும் இடமுறைக்குப் பெருஞ்சாதகமாயின. மறுபுறத்தில், அதே 1965 இல் இன்ஸ்புருக்கில் புருனோ புக்பேர்கர் தமது ஆய்வேட்டில் தந்து, தம் ஆசிரியர் கிறோப்னரின் பெயரால் வழங்கச் செய்த முறைக்கு, பல கணிய உறுப்புகள் யாவும் ஒரே வரிசையில், தலையுறுப்பு முன்நிற்கும்படி அமைதல் வேண்டும். ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய உருவில் தலையுறுப்பைத் தேடுவது தொல்லை.

பெயர்முறையில் பெருக்கும்போது எழும் பெருந்தொல்லை வரிசைப்படுத்தலாகும். ஆயிரம் உறுப்புகளை ஆயிரம் உறுப்புகளாற் பெருக்கினால் பத்து இலட்சம் பெருக்கங்கள் தோன்றும். அவற்றுள் ஒத்தவற்றைச் சேர்க்கவேண்டும். 1974 இல் பெல் ஆய்வுகூடத்தின் ஸ்டீபன் ஜோன்சன், அத்தனையையும் ஒருங்கே வைத்திராமல், ஒவ்வொரு வரிசையிலிருந்தும் அடுத்து வரவேண்டிய ஒன்றை மாத்திரம் ஒரு ‘குவியலில்’ வைத்து, பெரியதை முதலில் எடுக்கும் வழியைக் காட்டினார். குவியலில் ஒரே வேளையில் ஆயிரத்துக்குமேல் இராது. அவ்வழி நெடுங்காலம் பரவலாகக் கைக்கொள்ளப்படவில்லை. நினைவகம் மலிந்துவிட்டது, சிக்கனம் தேவையற்றதாகத் தோன்றியது. ஆனால் கணிக்கும் உறுப்பின் விரைவு நினைவகத்தின் விரைவை வெகுதூரம் கடந்துவிட்ட பின்னர், கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் மொனகனும் றோமன் பியர்சும் 2007 முதல் அக்குவியலைத் தூசுதட்டி எடுத்தனர். அதனோடு அல்பாக் காலத்து அறைத் திணிப்பையும் சேர்த்தனர். 2013 இல் வெளிவந்த ‘மேப்பிள் 17’ தொகுதியில் உறுப்பின் அடுக்குகள் யாவும் 64 இரும இலக்கங்கள் கொண்ட ஒரு கலத்துள் அடங்கும். அடங்காதபோது பழைய உருவே தொடரும். வறுமையில் கண்ட சிக்கனம் செல்வம் வந்த காலத்தில் விரைவாக மாறியது.

இன்னொரு சிறு நிகழ்ச்சியும் இங்கே கூறத்தக்கது. பைதன் மொழியில் எண்கணிப்புக்கு வழங்கும் ‘நம்பை’ நூலகம், பல்லுறுப்பியை இடமுறையில் குணகங்களின் வரிசையாக வைக்கின்றது. அதன் பழைய பகுதியில் உயர்ந்த அடுக்கின் குணகம் முதலில் நிற்கும். 3ய³ + 5 என்பது 3, 0, 0, 5 ஆகும். பள்ளியில் எழுதப் பழகிய ஒழுங்கு அது. பின்னர் சேர்க்கப்பட்ட பகுதியிலோ தனியெண் முதலில் வரும்: 5, 0, 0, 3. வரிசையில் ஒரு குணகம் எத்தனையாவது இடத்தில் உள்ளதோ அதுவே, சைபரிலிருந்து எண்ணும்போது, அதன் அடுக்காகிவிடும் என்பதே இதன் ஆதாயம். புதிய பகுதியையே பயன்படுத்துமாறு நூலகத்தின் கையேடு கூறுகின்றது. பழைய செய்நிரல்கள் முறிந்துவிடாமலிருக்கப் பழையதும் நீக்கப்படவில்லை. ஆகவே ஒன்றிலிருந்து மற்றதற்குக் குணகங்களைக் கொண்டுசெல்பவர் வரிசையைத் திருப்ப மறந்தால், கணனி எவ்வித எச்சரிக்கையும் இன்றி வேறொரு பல்லுறுப்பியைக் கணித்துக்கொண்டிருக்கும். 1248 இலும் 1259 இலும் லி யே வரைந்த இரு நிரல்களும் இதே போல ஒன்றுக்கொன்று தலைகீழானவைதாம். ஆனால் அவர் நிரலின் அருகில் ‘யுவான்’ அல்லது ‘தாய்’ என்னும் ஓர் எழுத்தை இட்டுவைத்தார்.